இத்தா வீட்டுக் குளிசை

ஜூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. காலை எட்டுக்கே அடுப்படியில் நிற்பது மாதிரி. கொப்பி வாங்க மறந்து இன்றும் ஃபோனில்தான் எழுத்து.

வாங்க: கொப்பி, உம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய், குடை (பழையதைக் காற்று மடக்கிவிட்டது).

ஆய்வின் இரண்டாம் சுற்று. இரண்டு மூன்று நாட்பட்ட வருத்தங்களோடு ஊர்க் கிளினிக்கில் மருந்தெடுக்கும் வயதானவர்கள். வீடு வீடாகப் போய் என்ன வருத்தம், எத்தனை குளிசை, யார் எடுத்துத் தருவது என்று கேட்க வேண்டும். இன்று மூன்று வீடு. இரண்டு பூட்டு. மூன்றாவது சுபைதா மாமி.

உம்மாவின் பள்ளிக்கூடக் கூட்டாளி. புருஷன் மௌத்தாகி மாமி இப்போது இத்தாவில், நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்காத துக்கம். வெள்ளைச் சீலை, ஜன்னலுக்கு இரட்டைத் திரை, அறைக்குள் காற்றே இல்லை. போன கிழமைதான் நாற்பதாம் நாள் கத்தம். எனக்கு வேலை. உம்மா மட்டும் போய்க் கத்தச் சோற்றோடு வந்தார்.

மாமிக்குச் சீனி வருத்தம், பிரஷர், கிட்னியும் கொஞ்சம். இத்தா தொடங்கியதிலிருந்து டொக்டர் ஆளைக் கண்ணால் காணவில்லை. மருமகன் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோவார், பழைய அளவிலேயே குளிசை கட்டிக் கொடுப்பார்கள். மகள் ரிஸ்மியா ராத்தாவிடம் ஒரு தரம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன்.

"இத்தாவில இரிக்கிறவவ எப்பிடித் தங்கச்சி ரோட்டால கொண்டு போற? அதுவும் ஆம்பிள டொக்டர். சனம் என்ன கதைக்கும்?"

மாமியின் கையைப் பிடித்தேன். ஈரம், குளிர். இந்த வெக்கையில் குளிர். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது. படிவத்தில் 'சோர்வு: உண்டு'. குளிசைகளைக் கிளினிக் கொப்பியைப் பார்த்துத்தான் பதிய வேண்டும், அதுதான் எங்கள் முறை. பதிந்தேன்.

என்னவோ சரியில்லை. என்னவென்று தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

வாய்க்குள் மணல். பஸ்ஸில் இடமில்லை.

கூட்டம் ஒன்பதுக்கு, தொடங்கியது பத்தரைக்கு. மாமியைப் பற்றி மேடத்திடம் சொன்னேன். ஆய்வுக்குப் பொறுப்பு அவர்தான். "ஹஸ்னா, நாங்க பார்க்கத்தான் போறம், மாத்தப் போகல்ல. இடையில கைய வெச்சா ஆய்வு கெட்டுப் போகும்."

ஆய்வு கெடக்கூடாது. மனுஷி கெட்டால் பரவாயில்லையா? கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன். என்மேலேயே கோபம்.

மத்தியானம் வீடு. இத்தாவில் இருப்பவர் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று உம்மாவிடம் கேட்டேன்.

"வருத்தமெண்டாப் போகலாம் மனெ. மார்க்கம் தடுக்கல்ல. ஊர்தான் விடாது."

சொல்லிவிட்டு லுஹர் தொழுத பாயிலேயே சாய்ந்தவர் அசர் வரை எழும்பவில்லை. கச்சானுக்கு ஊரெல்லாம் நித்திரை, எனக்கு மட்டும் வேலை.

ஜூலை 10, வியாழன்

போயா (பௌர்ணமி) லீவு. உடுப்புத் துவைத்தேன். கொடியிலிருந்து இரண்டு துண்டு அடுத்த வளவுக்குள் பறந்துவிட்டது. மீன் விலை கேட்டுவிட்டுக் கத்தரிக்காயோடு வந்தேன்.

உம்மா நல்ல குஷி. "இப்ப நல்ல குளிசை போடுறன். இந்த முறை கிளினிக்கில சீனி பார்த்தா டொக்டரே மலைச்சிப் போவார்." குளிசை விஷயத்தில் உம்மாவுக்கு வாய் ஜாஸ்தி. ஒழுங்காகப் போட்டால் சரி.

மாமியின் கை நினைவில் வந்துகொண்டே இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆ முடிந்த கையோடு மாமி வீடு. ஆய்வுக்கல்ல, சும்மா. ஒரு சீப்புக் கதலி வாங்கிக்கொண்டு போனேன்.

வாசலிலேயே ராத்தா. முகம் செத்துப்போய். விடியச் சுபஹுக்குப் பிறகு மாமி மௌத்தானவரைக் கூப்பிட்டுச் சண்டை பிடித்தாராம், "எண்ட சீலைய எங்க ஒளிச்சி வெச்சீங்க" என்று. பிறகு உடம்பெல்லாம் வியர்த்து, நாக்குக் குழறி, கட்டிலில் சரிந்தாராம். லெப்பையிடம் ஓடிப்போய்த் தண்ணீர் ஓதி வாங்கி, தேன் கரைத்துப் பருக்கியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் எழும்பியிருந்து பசிக்கிறது என்றாராம்.

"ஓதின தண்ணிக்கு அப்பிடியொரு பறக்கத்து தங்கச்சி. வாப்பாட நினைப்புத்தான் உம்மாவ இழுக்கிது. வேறொண்டுமில்ல."

எனக்குத் தேன் மட்டும்தான் காதில் விழுந்தது. போன நோன்பில் என் உம்மாவுக்குச் சீனி இறங்கியபோதும் இதே வியர்வை, இதே உளறல். ஒரு கரண்டி சீனியில் சரியானது. சொன்னேன்.

"சீனி கூடின ஆளுக்கு எப்பிடித் தங்கச்சி சீனி குறையும்?"

நியாயமான கேள்வி. எனக்கும் அன்று டொக்டர் சொல்லித்தான் விளங்கியது, குளிசை கூடினால் சீனி தேவைக்கு மேல் இறங்கிவிடும் என்று. ராத்தா கேட்டுக்கொண்டுதான் நின்றார். ஆனால் கண் முன்னால் தண்ணீர் ஆளை எழுப்பியிருக்கிறது. இனி நான் எதைச் சொல்லி எடுபட?

உள்ளே மாமி என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆருகா இந்தப் புள்ள?" என்று மகளிடம் கேட்டார். பிறந்ததிலிருந்து என்னைத் தெரியும் அவருக்கு.

பயமாக இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

மேடத்திடம் கேட்கவில்லை. நேரே கிளினிக். வரிசை மதில் வரைக்கும். கடைசி ஆளாக உள்ளே போனேன். டொக்டர் கேட்டுவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார்.

"கிட்னி பழுதான ஆளுக்குச் சீனிக் குளிசை உடம்புக்குள்ளயே தங்கும். சீனி விழுந்துட்டே இரிக்கும். இண்டைக்கே நிப்பாட்டச் சொல்லுங்க. ரத்தம் பார்க்கணும், எப்பிடியாவது கூட்டி வாங்க. நித்திரையில விழுந்தாங்க எண்டா எழும்பமாட்டாங்க."

வீட்டிலிருந்த சுகர் பார்க்கும் மெசினை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாமியின் விரலில் குத்திப் பார்த்தால் என் உம்மாவுக்கு வருவதில் பாதிகூட இல்லை. ராத்தாவின் கண் அந்த எண்ணிலேயே நின்றது. உடனே சீனி போட்டுத் தேத்தண்ணி. கிளினிக் பொதியிலிருந்த சீனிக் குளிசையை அவரே பிரித்து எடுத்து மேல்தட்டில் வைத்தார். "அல்லாஹ்வுக்காகச் சொல்றன், இனிக் குடுக்கமாட்டன்." ஆஸ்பத்திரிக்கு மட்டும் சம்மதமில்லை. புருஷனிடம் கேட்க வேண்டுமாம்.

மெசினை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், காலையும் மாலையும் பார்க்கச் சொல்லி. உம்மாவுக்கு இப்போது அவசரமில்லை.

ஜூலை 15, செவ்வாய்

எண்ணெய் வாங்கியாயிற்று. கொப்பி திரும்பவும் மறதி.

நிந்தவூரில் இரண்டு வீடு. ஒருவர் குளிசைகளை நிறம் பார்த்துப் போடுகிறார், வெள்ளை காலைக்கு, மஞ்சள் இரவுக்கு. கிளினிக்கில் வெள்ளைக்குப் பதில் மஞ்சள் வந்தால் என்ன செய்வார்? கேட்டேன். "ரெண்டையும் ராவைக்குப் போடுவன்" என்றார். சிரிப்பு வரவில்லை.

ராத்தாவுக்கு அழைத்தேன். மாமிக்கு இன்று சீனி கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். அல்ஹம்துலில்லாஹ். மூன்று நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

உம்மா சாப்பிடவில்லை. "வாய்க்குப் பிடிக்கல்ல மனெ, இந்தக் காத்து." தலையணை உறை நனைந்து கிடந்தது. கழற்றிக் காயப்போட்டேன். மின்விசிறியும் பழசு, மாற்ற வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

ஓட்டோவில் எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் அழுதுவிடுவேன்.

காலையில் ராத்தாவின் அழைப்பு. "மெசின் பிழை போல தங்கச்சி, திரும்பவும் கீழ காட்டுது. உம்மா கண்ணத் திறக்கிறாவில்ல." வேலையைப் போட்டது போட்டபடி ஓடினேன். மெசின் பிழையில்லை. மாமியின் கன்னத்தில் தட்டினால் முனகல் மட்டும். நாக்குக்கடியில் தேன் தடவினோம்.

கிளினிக் குளிசை மேல்தட்டில் அப்படியே இருந்தது. ஒன்றும் குறையவில்லை. பிறகு எதனால்? அறை முழுக்கக் கண்ணை ஓட்டினேன். தலைமாட்டில் பிஸ்கட் டின். திறந்தால் குளிசைக் கார்ட்டுகள், அட்டை அட்டையாக.

"அது வாப்பாட" என்றார் ராத்தா. "கிளினிக் குளிசைய நீங்க சொன்ன மாதிரி நிப்பாட்டிட்டன். இது பாமசியில காசுக்கு வாங்கின நல்ல குளிசை. வாப்பாக்கும் சீனிதானே. மௌத்தானவர்ர சாமான வீணாக்கினா மறுமையில கேள்வி வராதா? அதான் காலையில ஒண்டு, ராவைக்கு ஒண்டு..."

"எப்பேலிருந்து?"

"வாப்பா மௌத்தானதிலிருந்து. ரெண்டு நாள் மறந்து போனன், நேத்துத்தான் திரும்பக் குடுத்த."

மாமிக்குச் சீனி ஏறிய இரண்டு நாள். எங்கள் படிவத்தில் கிளினிக் குளிசைக்கு மட்டும்தான் இடம். மௌத்தானவரின் குளிசையைப் பற்றி நானும் கேட்கவில்லை.

இந்தத் தடவை ராத்தா புருஷனைக் கேட்கவில்லை. வெள்ளைச் சீலையோடு சேர்த்துப் போர்த்தி, ஆஸ்பத்திரிக்கு வான் பிடித்து ஏற்றினோம். தெருவில் சனம் பார்த்துக்கொண்டுதான் நின்றது, நிற்கட்டும். மாமியின் மூச்சு இருந்தது. டின்னை டொக்டரிடம் காட்டச் சொல்லி ராத்தாவின் மடியில் வைத்தேன். பாதிதான் நிறைந்திருந்தது. மிச்சம் எங்கே என்று கேட்டேன்.

"நாப்பதுக்கு வாப்பாட சாரன், சேட்டெல்லாம் சதக்காவாக் குடுத்தம்தானே. அதோட இதையும். சீனிக்காரருக்குத்தான் தங்கச்சி, பிழையான ஆக்களுக்கு இல்ல. உம்மாட கூட்டாளிமாருக்கு ரெண்டு ரெண்டு கார்ட். உங்கட உம்மாவும் எவ்வளவு சந்தோசமா வாங்கினா. உங்களுக்குச் சொல்லல்லையா?"

வான் போய்விட்டது. ஓட்டோக்காரரிடம் பள்ளிச்சந்தியால் திருப்பச் சொன்னேன், அதால் எங்கள் வீடு கிட்ட. ரோட்டில் மணல் அடிக்கிறது, மெதுவாகத்தான் போகிறார். வீட்டுக்கு அழைக்கிறேன். மணி போகிறது. திரும்ப அழைத்தேன். பக்கத்து வீட்டு நம்பர் என்னிடம் இல்லை.

மணி போகிறது, எடுக்கவில்லை. நித்திரையாக இருப்பார்.