ஃபேன் இறக்கையில் எட்டணா

பிள்ளைப்பாக்கம்
9.3.2003

அன்புள்ள செல்விக்கு,

பாப்பாவுக்குப் பல் முளைத்ததை உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்பன் என்று ஒருவன் இருக்கிறேன் பார்! உங்களை இங்கே கூட்டி வரவும் வழியில்லை. ஏழு பேருக்கு ஒரே அறை. நான் ஷிப்ட் முடிந்து வந்தால் கூடத் தங்கியிருக்கும் இசக்கி எழுந்து அவன் ஷிப்டுக்குப் போனால்தான் எனக்குப் பாய்.

திருநெல்வேலி பாலிடெக்னிக்கிலிருந்து வேலைக்கு இன்டர்வியூ கார்டு வந்திருக்கிறது. ஏப்ரல் 17. ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு வரச் சொல்கிறார்கள். மூன்று வருஷம் வேலையை விட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பாண்டுக்காக அதையெல்லாம் மேனேஜர் பாண்டுரங்கன் லாக்கரில் வைத்துப் பூட்டியிருக்கிறார். பாதிதான் முடிந்திருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன்.

என் வேலை என்னவென்று கேட்டிருந்தாய். எங்கள் ஷெட்டில் இரண்டு பேர் போகிற குட்டி விமானம் செய்கிறார்கள். அதன் மூக்கில் சுற்றும் புரொப்பல்லரில் ஒரு பக்கம் துளி கனம் கூடினாலும் விமானமே நடுங்கும். வாலைக் கட்டிவிட்டு இன்ஜினை ஓட்டி, எந்தப் பக்கம் கனம் என்று மீட்டரில் பார்ப்பேன். எதிர்ப்பக்கம் வாஷர் போட்டால் நடுக்கம் அடங்கிவிடும்.

உன் அறை ஃபேன் ஆடுகிறது என்றாயே, அதுவும் இதே கதைதான். ஒரு இறக்கையில் எட்டணாக் காசை டேப்பால் ஒட்டிப் பார். ஆட்டம் கூடினால் அடுத்த இறக்கைக்கு மாற்று.

உன்,
நம்பிராஜன்

சங்கரன்கோவில்
18.3.2003

அன்புள்ள அத்தானுக்கு,

இரண்டாவது இறக்கையில் ஒட்டியதும் ஃபேன் கப்சிப்! முதலில் உங்கள் அண்ணன் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுகிறேன் என்றார்கள். “வேண்டாம், ஏரோப்ளேனுக்கே பாக்கிற ஆளு சொல்லியிருக்காவ” என்று சொல்லிவிட்டேன். உங்கள் மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டுமே.

ஆனால் அத்தான், எனக்கு மூச்சு முட்டுகிறது. பாப்பா அழுதால் அண்ணன் தூக்கம் கெடும் என்று கதவைச் சாத்துகிறேன். சாத்தினால் அறை வேகிறது. இன்னும் ஒன்றரை வருஷம் என்னால் ஆகாது. யார் கையைக் காலைப் பிடித்தாவது அந்தச் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

செல்வலட்சுமி

பிள்ளைப்பாக்கம்
6.4.2003

அன்புள்ள செல்விக்கு,

சர்டிபிகேட் கிடைக்கப் போகிறது! ஆனால் சந்தோஷமாக எழுத வரவில்லை.

ஒரு விமானம் நான்கு நாளாக என்னைப் படுத்தியது. இன்று வாஷர் போட்டு அடக்கினால் நாளை மறுபடி நடுங்குகிறது. கனம் காட்டும் இடமும் தினம் மாறுகிறது. புரொப்பல்லரின் கனம் இடம் மாறாது, செல்வி. மாறினால் வேறெங்கோ ஏதோ தளர்ந்திருக்கிறது. இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றேன். விமானம் ஓட்டப் பயிற்சி தரும் கிளப்காரர்கள் 16ஆம் தேதி வந்து ஓட்டிப் போகிறார்களாம், நேரமில்லையாம்.

“இன்னா நம்பி, இன்னும் ரெண்டு வாஷரப் போட்டு நம்பர எறக்கு. கையெழுத்தப் போடு. வண்டி போன அன்னிக்கே சர்டிபிகேட்ட வாங்கிகினு போயிகினே இரு” என்றார் மேனேஜர்.

மீட்டரில் நல்ல நம்பர் வந்த நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த நேரத்துக்கு அது பொய் இல்லை. 16 சாயங்காலம் பஸ் ஏறுகிறேன்.

நம்பிராஜன்

சங்கரன்கோவில்
10.4.2003

அத்தானுக்கு,

பயப்படாதீர்கள், பாப்பாவுக்கு ஒன்றுமில்லை.

நேற்றுக் காலை அவளைக் குளிப்பாட்டத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். சோப்பைக்கூட எடுக்கவில்லை, அறைக்குள் பெரும் சத்தம். ஃபேன் அவள் பாயில் கிடந்தது. எட்டணா அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

எலக்ட்ரீசியன் நயினார் அண்ணன் வந்து பார்த்தார். “மேல போல்ட்டு தேஞ்சில்லா கெடந்திருக்கு. ஆடும்போதே கூப்பிட்டிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேன். ஆட்டத்தை அடக்கிப்போட்டு சும்மா இருந்துட்டியளே தாயி” என்றார்.

கூப்பிட வேண்டாம் என்றவள் நான்தான். உங்களைக் குறை சொல்லவில்லை.

நேற்றுச் சாயங்காலம் உங்கள் கடிதம் வந்தது. வாருங்கள் என்று எழுதத்தான் மனசு துடிக்கிறது. ஆனால் அந்த விமானத்தில் பறக்கப் பழகுகிற பிள்ளைகளுக்கும் வீட்டில் அம்மா இருப்பாள் இல்லையா? போய்ச் சொல்லுங்கள் அத்தான். சொல்லாமல் வந்தால் உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

செல்வலட்சுமி

பிள்ளைப்பாக்கம்
17.4.2003

என் செல்விக்கு,

இந்நேரம் நான் இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உன் கடிதம் 15ஆம் தேதி கிடைத்தது. நின்றபடியே படித்தேன், உட்கார முடியவில்லை. மறுநாள் கிளப்காரர்கள் வந்ததும் அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டேன், என் கையெழுத்தை நம்பாதீர்கள் என்று. பிரித்துப் பார்த்தார்கள்; இன்ஜினைச் சட்டத்தோடு பிடிக்கும் நான்கு போல்ட்டில் ஒன்று பாதி வரை விரிசல் விட்டிருந்தது. விமானம் போகவில்லை.

“நல்லதுக்கு சொன்னா கேக்க மாட்ட. பாண்டு முடியற வரிக்கும் லாக்கர்லயே கெடக்கட்டும்” என்றார் மேனேஜர். இன்றிலிருந்து எனக்கு ஸ்டோர் வேலை, ஜன்னல் இல்லாத அறை.

எங்கள் அறை ஃபேனும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்திவிட்டோம். வீட்டுக்காரர் ஆள் அனுப்பும்வரை ஏழு பேரும் வேர்த்துக்கொண்டு படுக்கிறோம்.

கதவைச் சாத்தாதே செல்வி, அண்ணனுக்கு நான் தனியாக எழுதுகிறேன். பாப்பா நடக்கத் தொடங்கினால் தேதி போட்டு எழுது.

உன்,
நம்பிராஜன்