நாள் நன்றாக இருந்தது, ரத்தம் சரியில்லை

மார்க்கையன்கோட்டை,
ஞாயிறு காலை

அன்பு மகள் கயலுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நல்ல சுகம், அதிலும் அம்மா என்னைவிட ஒரு படி கூடுதல் சுகம். அங்கே நியூசிலாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் இருமல் சளி இல்லாமல் இருக்கச் சுருளி வேலப்பர் துணையிருக்கட்டும். வாராவாரம் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போன் பேசும்போது உன் அம்மா என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் இதைச் சொல்ல வழியில்லை. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், பிறகு பதறாமல் படி. அம்மாவுக்குக் கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதமாகிறது, நன்றாக இருக்கிறாள். உன்னிடம் சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவாய் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், கையால் எழுதுவதைப் பற்றி அப்போது பேச்சு எழவில்லை. நீ திட்டுவாய், கடிதம் என்பதால் என் காதில் விழாது.

தேனியில் ஆபரேஷன் என்று முடிவானதும் காலண்டரைப் புரட்டி ஒரு வளர்பிறை வியாழக்கிழமையை நானே குறித்துக் கொடுத்தேன். அதற்கு முதல் நாளே ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார்கள். உன் பிச்சையம்மாள் அத்தை ஜெயமங்கலத்திலிருந்து வேன் பிடித்து ஆறு பேரும் ஒரு அண்டா புளியோதரையுமாக வந்து இறங்கிவிட்டார். சாயங்காலம் மயக்க மருந்து டாக்டர் ஜெபராணி வந்தார், ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்தார், அம்மாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாளைக்கு ஆபரேஷன் கிடையாது என்றார். பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்தம் ஆறு புள்ளி ஒன்பதுதான் இருக்கிறதாம். மேடம், வியாழக்கிழமை ரொம்ப நல்ல நாள் என்றேன். நாள் நல்லாத்தான் இருக்கு, ரத்தம்தான் நல்லா இல்ல என்றார். அப்படியானால் என் உடம்பிலிருந்து இரண்டு பாட்டில் எடுத்து ஏற்றிவிட்டு நாளைக்கே முடித்துவிடுங்கள் என்று சட்டைக் கையை மடித்து நீட்டினேன். அவர் கோபப்படவில்லை. அவசரம்னா ஏத்திட்டுத்தான் செய்வோம், இது பொறுக்குற கட்டி. இம்புட்டுக் கம்மியான ரத்தத்தோட மேசையில படுத்தா எந்திரிக்காமப் போற ஆபத்து கூடுதல்ங்கய்யா, ஆறு வாரம் குடுத்தீங்கன்னா அதைக் குறைச்சுக் குடுப்பேன், உங்களுக்கு நாள் வேணுமா அம்மா வேணுமா என்று கேட்டார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். வெளியே வந்து சொன்னால், ஏலே ஈஸ்வரா, அண்டாச் சோத்தத் தூக்கிட்டு வந்துருக்கோம், இப்பப் போயி இல்லன்னா எப்படிடா என்று அத்தை சண்டைக்கு வந்தார். எல்லோரும் வேப்பமரத்தடியில் சாப்பிட்டோம். நோயாளியும் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

மறுநாள் அந்த டாக்டர் எங்களை உட்காரவைத்து விசாரித்தார் பார், போலீஸ் ஸ்டேஷனில்கூட அப்படிக் கேட்க மாட்டார்கள். உத்தமபாளையத்து டாக்டர் மூன்று வருடம் முன்பே இரும்பு மாத்திரை கொடுத்தும் ரத்தம் ஏன் ஏறவில்லை, மாத்திரையோடு டீ குடிப்பீர்களா என்றார். உன் அம்மா விரலை நீட்டி என்னைக் காட்டினாள். நான் அடுக்களையில் செய்கிற ஒரே வேலை அவளுக்கு மாத்திரையும் டீயும் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான். டீ அந்த இரும்பை உடம்பில் சேரவிடாதாம். மூன்று வருடமாகப் பாசத்தோடு கெடுத்திருக்கிறேன். அடுத்து, பச்சரிசி, சாக்பீஸ் மாதிரி எதையாவது தின்னத் தோணுமா என்றார். உன் அம்மா மின்விசிறியைப் பார்த்தாள். நான் இல்லை என்று சொல்வதற்குள், சிலேட்டுக் குச்சிங்க, தெனமும் ரெண்டுதான் என்றாள். டாக்டர் பேனாவை எடுத்ததும் அது நாலானது, கடைசியில் வாரத்துக்கு ஒரு டப்பா என்று முடிந்தது. கடைக்காரர் என்னிடம், உங்க வீட்ல எத்தன புள்ளைக படிக்குதுன்னு கேட்டது அப்போதுதான் விளங்கியது. நான் கத்த வாயெடுத்தேன். அய்யா, வையாதீக, ரத்தம் இல்லாத ஒடம்பு அப்படித்தான் கேக்கும், ஏறுனா தானா நின்னுரும் என்று டாக்டர் அடக்கிவிட்டார். மாதா மாதம் பத்து நாள் உதிரம் போனதையும், துணி துவைத்தால் மூச்சு வாங்கியதையும் அவள் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

பிறகு உதிரத்தை நிறுத்த மாத்திரை, வாரம் ஒருமுறை தேனிக்குப் போய் இரும்பு மருந்து ட்ரிப்ஸ். அத்தை வேனை அனுப்பிவிட்டு எங்கள் வீட்டிலேயே தங்கி மூன்று வேளையும் முருங்கைக்கீரை கிண்டினார். நான் சின்னமனூர்க் கறிக்கடையில் ஞாயிறுதோறும் விடியுமுன் போய் ஈரலுக்கு நின்றேன். தின்னட்டும், நல்லதுதான், ஆனா இந்தப் பள்ளத்தக் கீரையால மட்டும் தூர்க்க முடியாது என்று டாக்டர் சொன்னதில் அத்தைக்கு இன்றைக்கும் வருத்தம். மூன்றாம் வாரம் எட்டு புள்ளி எட்டு, ஆறாம் வாரம் பதினொன்று புள்ளி நான்கு. பத்தாம் வகுப்பில் நீ வாங்கிய மார்க்கைக்கூட நான் அப்படி ஊருக்கெல்லாம் சொன்னதில்லை. இந்த முறை ஆபரேஷன் தேதியை டாக்டர் குறித்தார், அஷ்டமி. சரிங்க மேடம் என்று தலையாட்டினேன். இரண்டரை மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன், ஆறு புள்ளி ஒன்பதோடு படுத்திருந்தால் என்ற நினைப்பு வந்தபோதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், பதினோரு தடவை குடித்தேன் என்று அத்தை எண்ணிவைத்திருக்கிறார். ஒரு பாட்டில் ரத்தம்கூடத் தேவைப்படவில்லை என்று ஜெபராணி டாக்டர் வந்து சொன்னார். கண் விழித்ததும் உன் அம்மா கேட்ட முதல் கேள்வி, ஏங்க, வீட்டப் பூட்டுனீகளா. பூட்டவில்லை.

நேற்று இருவரும் வாழைத் தோட்டத்துக்குப் போனோம். எத்தனையோ வருடமாக நான் முன்னால் போவேன், அவள் பின்னால் வருவாள், என் நடை வேகம் என்று எனக்கொரு பெருமை. நேற்று அவள் வாய்க்கால் கரையில் விறுவிறுவென்று போய் மடையருகே நின்று, ஏங்க, சாமி ஊர்வலமா வர்றீக, வெரசா வாங்க என்று கத்துகிறாள். செருப்பு வார் அறுந்துவிட்டது என்று சொல்லிக் குனிந்துகொண்டேன். வார் நன்றாகத்தான் இருந்தது.

போன வாரம் நீ அசதியாக இருக்கிறது, வேலை அதிகம் என்றாய். வேலைதான் காரணம் என்று நீயாக முடிவு செய்யாதே. இந்த வாரமே ரத்தம் பார்த்து எனக்கு எண்ணைச் சொல், எண் மட்டும் போதும், விளக்கம் வேண்டாம். மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசிகள், நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் பல்லாண்டு வாழ வேண்டும்.

உன் எண்ணுக்காகக் காத்திருக்கும்,
அப்பா,
ச. ஈஸ்வரபாண்டி