றீத்தாவுக்கு ஒரு பெட்டி

2007 மார்ச் 24, சனி

ஸ்னோ கரைந்து தெருவெல்லாம் ஊத்தை. இடது சப்பாத்து நனைந்துவிட்டது. செயின்ட்-மிஷேலிலிருந்து லவாலுக்கு மெட்ரோ ஏறி, இறங்கி, பஸ் பிடித்து. அடுத்த மாதக் கடைசியில் மெட்ரோ லவாலுக்கே போகுமாம். எனக்குத் தேவையான நேரத்தில் எது வந்திருக்கிறது?

வாத்தியக் கடை. மனைவி றீத்தாவிடம் சொல்லவில்லை. சொன்னால் "எனக்கேன் இனி" என்பாள். அந்த "இனி" எனக்குக் கேட்கப் பிடிக்காது.

கையில் எழுநூறு டொலர். அதற்கு மேல் வழியில்லை.

பார்த்தவை:
1) கீபோட். 61 கட்டை. முன்னூறு விதச் சத்தம். வயலின், குழல், நாய் குரைப்பது உட்பட. கட்டைகள் பூ மாதிரி லேசு, தொட்டாலே சத்தம். வைக்கும் ஸ்டாண்டும் சேர்த்து. காசு மிஞ்சும்.
2) டிஜிட்டல் பியானோ. 88 கட்டை. பத்தே பத்துச் சத்தம். ஸ்டாண்ட் இல்லை. எழுநூறும் போகும்.

கடைக்காரன் இரண்டாவதை அமத்தி அமத்திக் காட்டினான். "லூர், முசியே, லூர்!" பாரமாம். கட்டை பாரமென்றால் விலையும் கூடவாம். விசரன். றீத்தாவின் கையில் தேநீர்க் கோப்பையே நிற்பதில்லை. அவளுக்கு எதற்குப் பாரம்?

முதலாவதுதான். முடிவு.

மார்ச் 25, ஞாயிறு

காலை சட்டைப் பொத்தான் ஆறு. நான்தான் பூட்டினேன். கீமோ முடிந்தும் அவளுடைய விரல் நுனிகள் மரத்தபடியே இருக்கின்றன. உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் விடலாம் என்று டொக்டர். முதல் நாள் இருவருக்கும் வெட்கமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. பழகியதுதான் எனக்கு வலிக்கிறது.

மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. கடைசி வாங்கு வரிசையில் இருந்தோம். பதினாறு வருடமாக முன்னுக்குக் கீபோட்டில் இருந்தவள். இப்போது அங்கே ஒரு சின்னப் பெண் வாசிக்கிறாள். நன்றாகத்தான் வாசிக்கிறாள். எனக்கு எரிச்சல்.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, காணிக்கைப் பாட்டு நடுவில் ஒரே சத்தம் நின்று கத்தியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். றீத்தா பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி வந்தாள். "குளிருது, வீட்டை போவம்." அதற்குப் பிறகு தொடவில்லை. கீபோட் பழுது என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 28, புதன்

இதை எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

மதியம் வேலைத்தலத்திலிருந்து அன்ரனுக்கு போன். கோயில் ஆட்களில் வான் வைத்திருப்பவன் அவன்தான். பின்னால் மெஷின் இரைச்சல். நான் சொன்னது இவ்வளவுதான்: "அன்ரன், றீத்தாவுக்குப் பெட்டி எடுக்கவேணும். சனிக்கிழமை வான் கிடைக்குமோ?"

ஆர்மோனியம் வைத்திருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெட்டி என்றுதான் பெயர். கீபோட் வந்த பிறகும் பெட்டிதான். பிறத்தியாருக்கு அது எப்படித் தெரியும்?

அவன் வானை ஓரமாக நிறுத்துவது கேட்டது. பிறகு, "ஓமண்ணை. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ. நாங்கள் இருக்கிறம்." மூக்கை உறிஞ்சினான். ஒரு வான் ஓட்டத்துக்கு இவ்வளவு பாசமா, நல்ல மனிசன் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மடையன்.

மாலை ஐந்தரை. மணி அடித்தது. நான் குளியலறையில். றீத்தா போய்த் திறந்தாள்.

வாசலில் அன்ரனும் அவன் மனைவி திரேசாவும். திரேசா கறுப்புச் சட்டை. கையில் துணி சுற்றிய பெரிய சட்டி. றீத்தாவைக் கண்டதும், "ஐயோ மாதாவே" என்று அப்படியே படியில் குந்திவிட்டாள்.

சட்டியைப் பார்த்ததுமே றீத்தாவுக்கு விளங்கிவிட்டது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலார்தான் சமைத்துக் கொண்டுவருவது. நான் ஈரத்தலையோடு வந்து பெட்டிக் கதையைச் சொல்லி முடிக்க, அன்ரன் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். இத்தனை மாதம் அடக்கி வைத்தது.

றீத்தா அழவில்லை. கோப்பைகளை எடுத்து வைத்தாள். ஒன்று நழுவி உடைந்தது. ஒருவரும் கவனிக்காத மாதிரி இருந்தோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி. அவள் இரண்டாந் தரமும் போட்டுச் சாப்பிட்டாள்.

"என்ரை செத்தவீட்டுச் சாப்பாட்டை நானே சாப்பிடுறன். உறைப்புக் காணாது திரேசா."

திரேசா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி மிளகாய்த்தூள் தேடினாள்.

அவர்கள் போன பிறகு சட்டியைக் கழுவியபடி, என்னைப் பாராமலே: "எனக்கெண்டு பெட்டி எடுக்கிறதெண்டால் நானும் பாத்துத்தான் எடுக்கவேணும். சனிக்கிழமை நானும் வாறன்."

மார்ச் 31, சனி

வெயில். காற்று மட்டும் கூர். அன்ரனின் வானில் மூவரும்.

கடையில் அவளை நேரே முதலாவதிடம் கூட்டிப்போனேன். நாய் குரைப்பதைப் போட்டுக் காட்டிவிட்டு, கோயிலில் போடும் ஓர்கன் சத்தத்துக்கு மாற்றினேன். றீத்தா கையை மெல்ல வைத்தாள். வைத்ததுதான், இரண்டு சத்தம் எழும்பி நின்று கத்தியது. ஒக்டோபரில் கேட்ட அதே கத்தல். கையைச் சடாரென்று எடுத்தாள்.

"கோயிலிலையும் இதுதான். என்ரை விரல் கட்டையிலை கிடந்தது. அது எனக்குத் தெரியேல்லை. சனம் திரும்பிப் பாத்த பிறகுதான் தெரிஞ்சது."

ஐந்து மாதம் இதைத் தனியொருத்தியாய் மனத்துக்குள் வைத்திருந்திருக்கிறாள். நான் கீபோட்டில் பழுது என்று இருந்திருக்கிறேன்.

பிறகு அவளாகவே இரண்டாவதிடம் போனாள். கை வைத்தாள். சத்தமில்லை. கை அப்படியே கிடந்தது. அப்போதும் சத்தமில்லை. பிறகு அமத்தினாள். ஒரு சுரம். மறுபடி. கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று.

"இஞ்சருங்கோ."

"என்ன?"

"விரலுக்குத் தெரியேல்லை. ஆனா அந்தப் பாரம் மணிக்கட்டுக்குத் தெரியுது."

கடைக்காரன் என்னைப் பார்த்து, "லூர்," என்றான். இந்த முறை மெதுவாக. ஓம் ராசா, லூர். உன்னை விசரன் என்று எழுதியது பிழை.

கடையில் இருப்பு இல்லை. வியாழன் வருமாம். முழுக்காசும் கட்டியாயிற்று. ஸ்டாண்டுக்குக் காசில்லை.

ஏப்ரல் 1, குருத்து ஞாயிறு

மழைத் தூறல். குசினி மேசையை அளந்தேன். பெட்டி ஒரு சாண் வெளியே நீட்டும், பரவாயில்லை. இனி மடியில் தட்டு வைத்துத்தான் சாப்பாடு. றீத்தா மேசையை இரண்டு தரம் துடைத்தாள்.

பூசை முடிய ஒரு கிழவர் என் கையைப் பிடித்து, "மனத்தைத் தேற்றிக்கொள்ளும் தம்பி" என்றார். அன்ரன் எத்தனை பேருக்கு போன் அடித்தானோ. பின்னால் நின்ற றீத்தா, "நானும் தேற்றிக்கொண்டுதான் ஐயா இருக்கிறன்" என்றாள். பாவம், கிழவர்.

வாங்க: பால், மாத்திரை, நீட்டு வயர்.

ஏப்ரல் 5, பெரிய வியாழன்

மறுபடி குளிர். பின்னேரம் பெட்டி வந்தது. அன்ரனும் நானும் மூன்று மாடி தூக்கினோம். முன்னுக்கு அவன், பின்னுக்கு நான். நீளமான அட்டைப் பெட்டி. நடுப்படியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு.

மேசையில் வைத்து முடியப் பூசைக்கு நேரமாகிவிட்டது. வானவர் கீதம் பாடும்போது மணியெல்லாம் அடித்தது, பிறகு வாத்தியம் நின்றது. துக்க நாட்கள்; சனி இரவு மறுபடி அந்தக் கீதம் வரும்வரை கோயிலில் வாத்தியம் இல்லை. "எங்கட வீட்டிலையும் அப்பிடித்தான்" என்றாள் றீத்தா, வரும் வழியில்.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்தது, இரண்டு நாள் சும்மா கிடக்கப் போகிறது. எனக்கு மனத்துக்குள் கோபம். செவ்வாய் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் முடிவு. அதற்கு முன் அவள் வாசிப்பதைக் கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

ஏப்ரல் 6, பெரிய வெள்ளி

மப்பு வானம். ஒருசந்தி, கஞ்சி மட்டும். மூன்று மணிச் சடங்கு முடிந்து வந்து நான் சற்றுச் சரிந்தேன். குசினியில் டொக் டொக் என்று சத்தம். கதவு தட்டுவது மாதிரி, ஆனால் தாளத்தோடு.

போய்ப் பார்த்தேன். றீத்தா வாசித்துக்கொண்டிருந்தாள். வயர் இன்னும் செருகாமல், சுருட்டியபடி தரையில். பாட்டுச் சத்தம் இல்லை, கட்டைகள் போய்வரும் சத்தம் மட்டும். தோள் இரண்டும் அசைந்தன. அவளுக்குத் தோள் அசைந்து நான் பார்த்துக் கனநாள்.

"என்ன பாட்டு?"

"அண்டைக்குப் பாதியிலை விட்டது."

முடியும்வரை கதவடியில் நின்றேன். முழுதும் வாசித்தாள். கடைசிக் கட்டையில் கையை வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எடுத்தாள்.

"எங்கையும் நிண்டு கத்தினதோ?"

வயரைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

இல்லை என்றேன்.