முதல் அசட்டுக் கேள்வி

லே நகரம், வியாழன்

சுரங்கத்து ராசாவுக்கு,

சிரிக்காமல் படியுங்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற உங்கள் மனைவி இரண்டு வாரமாக இன்ஜினியரிங் வகுப்பில் உட்காருகிறாள்.

முதல் வருடப் பிள்ளைகள் வெட்கப்பட்டுக்கொண்டு அவர்கள் ஆசிரியை மிஸ் கோலியாவின் அறைக் கதவைத் தட்டுவதே இல்லை. அதனால் அவரே நான் சமைக்கும் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து சந்தேகம் தீர்க்கிறார். அங்கேயும் யாரும் வாய் திறக்கவில்லை. "அக்கா, முதல் அசட்டுக் கேள்விய நீங்க கேளுங்க. மத்தவங்களுக்குத் தைரியம் வரும்" என்று மிஸ் என்னிடம் சொன்னார். அசட்டுத்தனத்துக்கு எனக்குப் பயிற்சியா வேண்டும்? உங்களைக் கட்டிக்கொண்டவள் ஆயிற்றே.

நேற்று, "விசை விசைன்னு சொல்றீங்களே மிஸ், அதக் கண்ணால பாக்க முடியுமா?" என்று கேட்டேன். பையன்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

"அக்கா, அடுத்து பட்டமா?" என்றான் ஒருவன்.

"நான் பட்டம் வாங்கிட்டா உங்களுக்கு யாருடா கிழங்கு அவிப்பா?"

சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையில் ஒரு குரல். நம் மகள் ஏலின்! "மிஸ், எனக்கும் அதுதான் புரியல. முதல் வாரத்துலேருந்தே." அவளைப் பார்த்து இன்னும் ஆறு பேர் கை தூக்கினார்கள்.

ஊருக்குத் திரும்பிவிடக் கட்டி வைத்திருந்த பையை இன்று காலை அவளே பிரித்துவிட்டாள். பையைப் பற்றி உங்களுக்கு நான் எழுதவே இல்லை, இல்லையா? இனி எழுத வேண்டியதில்லை. மிஸ் கோலியாவின் கையைப் பிடித்து உங்கள் பங்குக்கும் சேர்த்து நன்றி சொன்னேன்.

நேற்று வகுப்பு ஒரு மணி நேரம் நீண்டது. இருநூறு பேருக்கு வைத்த சோறு அடியோடு தீய்ந்தது. பரிமாறினோம்.

உங்கள் புது மாணவி