எழுபத்தொன்றாம் எண் பஸ்

அன்புள்ள மகளுக்கு,

உன் அப்பா எழுதுவது. எழுத்து ஏறி இறங்கித்தான் இருக்கும், சில இடத்தில் அழுத்தி எழுதித் தாளே ஓட்டையாகிவிட்டது, பொறுத்துக்கொண்டு படி. யாரும் பக்கத்தில் இருந்து சொல்லித்தரவில்லை, நானேதான் எழுதுகிறேன், இந்த நாலு வரிக்கே ஒரு காப்பி ஆறிவிட்டது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை. நீ சுகமாக இருப்பது இத்தனை நாளும் எனக்கு அம்மா வாய் வழியாகத்தான் தெரிந்தது, இனி உன் கை வழியாகத் தெரிய வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

அம்மாவுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை அறுபத்து மூன்று முடிந்தது. நம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம் போடும் அறை இருக்கிறதே, அதைக் கேட்டு வாங்கி மத்தியானம் விருந்து வைத்தேன். அவளோடு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள், காலையில் பூங்காவில் அவளோடு நடப்பவர்கள், என்னோடு கட்டட வேலை செய்தவர்கள், என்னோடு எழுதப் படிக்கக் கற்கும் மாலை வகுப்பு ஆட்கள் என்று மொத்தம் பதினாலு பேர். ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பார்த்ததே இல்லை. அவங்கவங்க ஆளுங்களோட உட்காரட்டும், நீங்க ஒண்ணும் ஏற்பாடு பண்ண வேணாம் என்று அம்மா இரண்டு மூன்று தடவை சொன்னாள். நான் கேட்பேனா. நாற்பது வருஷம் செங்கல் வைத்த கை. கீழ்வரிசை இணைப்புக்கு நேராக மேல்வரிசை இணைப்பு வந்தால் சுவர் பிளந்துவிடும், மாற்றி மாற்றித்தான் வைக்க வேண்டும். அதே மாதிரி ஒரு கூட்டத்து ஆள் பக்கத்தில் அதே கூட்டத்து ஆள் வராமல் பதினாலு சீட்டும் என் கையால் எழுதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லோரும் தங்கள் பெயரை எடுத்துப் பார்த்துச் சிரித்தபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கேக் வெட்டுகிறவரைக்கும் நன்றாகத்தான் போனது. பூங்காவில் நடக்கும் அந்த ரயில் டிரைவர், ஓய்வு பெற்றவர், பக்கத்தில் இருந்த சலவைக்கூடத்து அம்மாவிடம் பேச்சு கொடுத்தார். இவங்க பொண்ணு அந்த ஆபீஸ விட்டதே நல்லதுங்க, அந்த மேனேஜர்கிட்ட யாரு குப்பை கொட்டுறது என்றார். அந்த அம்மா, விட்டுட்டாளா, பெரிய வண்டிக்கு லைசென்ஸ் வாங்குனான்னு மட்டுந்தானே என்கிட்ட சொன்னாங்க, சும்மா ஆசைக்குன்னுல்ல நினைச்சேன் என்றார். ஆசைக்கா, ரெண்டு மாசமா அந்த ஊர்லயே டவுன் பஸ் ஓட்டுதும்மா என்றார் டிரைவர். எதிரில் இருந்த நம் பைப்புக்காரன், என்னோடு இருபது கட்டடத்தில் குழாய் போட்டவன், வாயில் கேக்கை வைத்துக்கொண்டே, என்னடா, பொண்ணு நாற்காலில உக்காந்து வேலை பாக்குதுன்ன, நாற்காலி ஓடுதாமே என்றான். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குத் தெரியாதா, ஓட்டுன்னு சொன்னதே நான்தான் என்று ஒரு போடு போட்டேன். எங்கள் வகுப்பு டீச்சர் நல்ல மனசோடு, எந்த ரூட்டுங்க ஐயா என்று கேட்டாள். நான் தண்ணீர் குடித்தேன். ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தேன். எழுபத்தொண்ணு, ஆஸ்பத்திரிலேருந்து ஏரிக்கரை வரைக்கும் என்று டிரைவர்தான் பதில் சொன்னார். எல்லோருக்கும் துண்டு போட்டு முடித்த பிறகும் அம்மா தலை நிமிராமல் கேக்கை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து, அவதான் சொல்ல வேணாம்னா, அப்பா மனசு ஒடிஞ்சிரும்னா, நான் வெயில்ல நின்னேன் நீ நாற்காலில உக்காருன்னு இருபது வருஷம் ஊதுனது யாரு என்று கேட்டாள். நான்தான் ஊதினேன், மறுக்கவில்லை. ஆனால் பஸ்ஸால் என் மனசு ஒடியவில்லை கண்ணு. இது பொறாமை. வேறு நல்ல பேராக வைக்கலாம் என்று பார்த்தேன், கிடைக்கவில்லை. உன்னைக் கண்ணாலும் கண்டிராத அந்த ரயில் டிரைவருக்கு உன் ரூட் நம்பர் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் அவர் எதிரே வந்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். அம்மா மேல் அதைவிடப் பொறாமை. நீ போன் பண்ணினால் துணி காயும் இடத்துக்குப் போய் முக்கால் மணி நேரம் பேசுவாள், கடைசியில் என் கையில் கொடுப்பாள், சாப்ட்டியாப்பா, சாப்ட்டேன், மழையா, இல்ல, அதோடு சரி. போனில் எனக்குப் பேச்சு வராது, அது உன் தப்பு இல்லை. எழுத்தில் வருகிறது, இப்போதுதான் எனக்கே தெரிந்தது.

நான்கு நாளாக நம் தெருமுனையில் போய் நிற்கிறேன். அந்தக் குறுகலில் பஸ் எப்படித் திரும்புகிறது என்று பார்க்கத்தான். பின்சக்கரம் நடைபாதையில் ஏறாமல் ஒடித்து எடுக்கிறார்கள், அவ்வளவு நீள வண்டியை நீயா இப்படித் திருப்புகிறாய். பெரியவரே ஏறுறீங்களா இல்லையா என்று நேற்று ஒரு டிரைவர் அதட்டினார். என் மக இந்த மாதிரி வண்டிதான் ஓட்டுறா என்றேன். அவருக்குச் சந்தோஷம், கையை ஆட்டிவிட்டுப் போனார். பைப்புக்காரனிடமும் சொல்லிவிட்டேன், இனிமேல் நாற்காலிப் பேச்சே கிடையாது.

நீ நீண்ட நாள் நல்லபடியாக இருக்க வேண்டும், உன் வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லோரும் பத்திரமாக இறங்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, தூக்கக் கலக்கத்தோடு வண்டியை எடுக்காதே. பதில் வருகிறதோ இல்லையோ, வகுப்பு இல்லாத வியாழக்கிழமை மறுபடி எழுதுவேன். அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள், கையை வைத்து மறைத்துக்கொண்டேன். மறக்காமல் ஒன்று செய். உறைமேல் என் பெயரைப் போடு. உள்ளே, அம்மாவிடம் இதுவரை சொல்லாத ஏதாவது ஒன்றை எழுது, சின்னதாக இருந்தாலும் போதும். எத்தனை தடவை கேட்டாலும் அவளிடம் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா