கோலப்பொடியில் நான் அழித்த ஓடை

அன்பான சாந்தி அண்ணி,

அன்பான என்று எழுதியதைப் பார்த்துச் சிரிப்பாய். நீ உயிரோடு இருந்தவரை உன்னை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஒரே வயது என்பதால் வா, போ என்றுதான் பேச்சு. பாதி நாள் அதுவும் கிடையாது. உன் வாய் எனக்குப் பிடிக்காது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று சேரப்பணஞ்சேரியில் புது ஆட்களுக்குப் பயிற்சி. ஊருக்கு நாலு பேரைப் பொறுக்கி, வெள்ளமோ வெயிலோ வந்தால் ஊரை வழிநடத்தக் கற்றுக்கொடுப்பார்களே, அதேதான். பருவநிலைத் தலைவி என்று எனக்குக் கொடுத்த தொப்பியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பயிற்சி நடத்தும் சார் திரையில் உன் படத்தைப் போட்டார். "எச்சரிக்கைய மதிக்காட்டி இதான் கதி. பத்திரமான எடத்த வுட்டு இவங்க வெளிய போனாங்க" என்றார். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். நானும் கொட்டினேன். மூன்றாவது வரிசையில், புது ஆட்களில் ஒருத்தியாக உன் மகள் நித்யா இருந்தாள். அவள் யார் என்று அவருக்குத் தெரியாது.

பிள்ளைப்பாக்கத்தில் நமக்கு நடந்த பயிற்சி நினைவிருக்கிறதா? பள்ளிக்கூட மைதானத்தில் கோலப்பொடியால் ஊரையே வரையச் சொன்னார்கள். செங்கல் தூளில் தெரு, நீலப் பொடியில் தண்ணீர். நாம் வரைந்ததைச் சார்ட்டில் ஏற்றி, மழைக்கு யார் எங்கே போவது என்று முடிவு செய்வதாக ஏற்பாடு. நீ நீலப் பொடியை அள்ளி, ஏரியிலிருந்து என் மனை வழியாக ஒரு கோடு இழுத்தாய்.

அந்த மனையில்தான் நான் வரிசையாக ஷீட் கூரை போட்ட ரூம் கட்டி, கம்பெனி வேலைக்கு வந்த திருநெல்வேலிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். ஓடையைத் தூர்த்துப் பிளாட் கல் நட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. சார்ட்டில் ஓடை ஏறினால் யார் குடிவருவார்கள்?

"இன்னா அண்ணி, இல்லாத ஓடைய வரஞ்சிகினு கீற?"

"இல்லாத ஓடையா? நா கல்யாணமாயி வந்தப்ப அதுலதான் துணி தொவச்சேன். தண்ணி உன் பட்டாவப் பாத்துட்டாடி வரும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்புக் காலால் அந்த நீலத்தைத் தேய்த்து அழித்தேன். அதே இடத்தில் ஒரு கட்டம் போட்டு, "சிமிட்டி வூடு, ஒசந்த தரை, இதான் பத்திரமான எடம்" என்றேன். ஒருத்தரும் மறுக்கவில்லை. பாதிப் பேருக்கு அங்கே மனை இருந்தது.

கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிய மத்தியானம், கைமைக்கில் "எல்லாரும் நம்ம ரூமுக்கு வந்துடுங்க" என்று கூப்பிட்டவள் நான். கூப்பிட்டுவிட்டு நான் எங்கே நின்றேன் தெரியுமா? பள்ளிக்கூட மாடியில். மனசுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. நீ இடுப்பளவுத் தண்ணீரில் போய்க் கதவு கதவாகத் தட்டினாய். "வெளிய வாங்கடி, ஓடை வருது!" ஊர்க்காரர்களும் அந்தப் பெண்களும் வெளியே வந்துவிட்டார்கள். கடைசிப் பெண்ணை நீ வெளியே தள்ளிவிட்டபோது சுவர் உன்மேல் சரிந்தது. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்கள் மறுவாரமே சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். அறிக்கை எழுத வந்தவரிடம், "பேச்சக் கேக்காம வெளிய பூட்டாங்க சார்" என்று சொன்னது நான்தான். ஊருக்கு உண்மை தெரியும். மனை வைத்திருப்பவர்கள் வாயைத் திறப்பார்களா? வெள்ளம் ஊருக்குள் வந்தபோது அண்ணன் கம்பெனி ஷிஃப்டில் இருந்தார், நித்யா ஹாஸ்டலில் இருந்தாள். அவர்களிடமும் அதையே சொன்னேன். அண்ணன் இன்றுவரை உன்னைத் திட்டிக்கொண்டேதான் உன் படத்துக்குப் பூ வைக்கிறார். ஊரைக் காப்பாற்றியவள் என்று எனக்கு மேடையில் சால்வை போட்டார்கள், அண்ணி. குனிந்து வாங்கிக்கொண்டேன்.

நேற்று பயிற்சி முடிந்ததும் நித்யா என்னிடம் வந்தாள்.

"ஏன் அத்த, எங்கம்மா அவ்ளோ முட்டாளா?"

"அவ விதிடி" என்றேன். சாப்பாட்டுப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தேன். உன் பிள்ளை நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். தூங்கினேன். காலையில் எழுந்ததும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது, அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிச்சல் எனக்கு வராது. அதனால் இதை வாலாஜாபாத்தில் அச்சாகும் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நித்யா அதை விடாமல் படிப்பவள்.

அடுத்த பயிற்சியில் உன் படம் வரும்போது எழுந்து நின்று, நடந்ததைச் சொல்வேன். இது சத்தியம். நான் எழுந்திருக்காவிட்டால், படித்துவிட்டு வந்திருக்கும் உன் மகள் எழுப்பிவிடுவாள். அதன் பிறகு அவள் என்னை அத்தை என்று கூப்பிட மாட்டாள். கூப்பிட வேண்டாம்.

உன்னைச் சாகவிட்ட நாத்தனார்,
கல்பனா