ஆமை என்றால் டாங்கி

தாராவி, ஞாயிறு காலை

அன்பு மகள் சஃப்ரீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வாப்பா, தம்பி தப்ரேஸ், நான் மூவரும் சுகம், உன் சுகத்தை உள்ளபடி அறியத்தான் இதை எழுதுகிறேன். போனில் பேசலாமே என்பாய், போனில் பேசினால் வாப்பாவும் தம்பியும் மாடியில் தோல் பை தைப்பவர்களும் சேர்ந்து கேட்கிறார்கள். தமிழ் வாசிக்கத் திணறுவாய் என்று ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக எழுதியிருக்கிறேன், எழுத்துக்கூட்டியாவது நீயே வாசி, படம் பிடித்து இந்தியில் மாற்றிக் கேட்காதே.

நீ அரிசோனா போனதிலிருந்து அந்தப் பக்கத்தைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் மாட்டுங்கா லைப்ரரியில் எடுத்து வாசிக்கிறேன். அப்படித்தான் அங்குள்ள பழங்குடியினரான நவாஹோ சிப்பாய்களைப் பற்றித் தெரிந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் ஒட்டுக்கேட்டாலும் புரியாதபடி அமெரிக்கப் படை அவர்கள் மொழியில் சேதி அனுப்பியதாம், அதிலும் டாங்கிக்கு ஆமை, கையெறி குண்டுக்கு உருளைக்கிழங்கு என்று வேறு பெயர் வைத்தார்களாம். சின்ன வயதில் அதே மொழியைப் பேசியதற்காகப் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. புத்தக அட்டையில் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு வாப்பா, ஏட்டி ஷமீமா, பட்டாளத்துல சேரப் போறியா, மொதல்ல சோத்தப் போடு, சண்டைய சாயங்காலம் வச்சுக்கலாம் என்றார்.

இனிமேல் சொல்வது வாப்பாவுக்கும் தெரியாது. நான் கதை எழுதுகிறேன். ஐந்து வருடமாக, உன் பழைய நோட்டுகளின் மிச்சப் பக்கங்களில். நாற்பது வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இப்போது எழுதுவது ஒரு நவாஹோ சிப்பாயின் கதை. அவனுக்கு அந்த ரகசியப் பயிற்சி கிடையாது. ஜப்பானியர் அவனைப் பிடித்து ரேடியோவின் முன் உட்காரவைத்து, என்ன பேசுகிறார்கள் சொல் என்கிறார்கள். ஒவ்வொன்றும் அவன் தாய் பேசிய சொல், ஆமை வருகிறது என்று கேட்கிறது, உருளைக்கிழங்கு என்று கேட்கிறது, சேதி மட்டும் பிடிபடவில்லை. தெரியாது என்றால் நம்பாமல் பனியில் நிறுத்துகிறார்கள். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அப்போது அவனுக்குக் கோபம் யார் மேல் வந்திருக்கும், பனியில் நிறுத்தியவர்கள் மேலா, அவன் மொழியிலேயே அவனை வெளியே நிறுத்தியவர்கள் மேலா? அரிசோனாவில் வளர்ந்தவன் பனியை முன்பே பார்த்திருப்பானா? அங்கே யாரிடமாவது விசாரித்துச் சொல். அவன் வீட்டு ஆடுகளைப் பற்றி எழுதத்தான் சிரமமில்லை, தோல் வாசனை நம் வாசலிலேயே இருக்கிறது.

பேனா ஏன் ஓடவில்லை என்று நேற்று உன்னோடு போனில் பேசியபோதுதான் புரிந்தது. எல்லாம் நல்லாருக்கும்மா, காலேஜ் நல்லாருக்கு, சாப்ட்டேன் என்கிறாய். எல்லாம் எனக்குத் தெரிந்த தமிழ்தான். ஆனால் முன்பெல்லாம் அந்த மீசைக்கார புரொபசரைப் பாகல், கடூஸ் என்று இந்தியில் திட்டாமல் நீ போனை வைத்ததில்லை, இரண்டு மாதமாக ஒரு திட்டும் இல்லை. படிப்பை விட்டுவிட்டாயோ என்று பயப்படுகிறேன். பைகளுக்குப் பக்கிள் கொண்டுவரும் செல்லப்பாண்டியிடம்கூட வாப்பா, எம் மவ அமெரிக்கால இஞ்சினீருடே, பாத்துப் பேசு என்கிறார், அதற்குப் பயந்து மறைக்கிறாய் என்றால் வாப்பாவிடம் சொல்வதை என்னிடம் விட்டுவிடு. என் ரகசியத்தை உன்னிடம் கொடுத்துவிட்டேன், உன்னுடையதை எனக்குக் கொடு.

அல்லாஹ் உன் உடம்புக்கும் மனசுக்கும் பலம் தரட்டும், நீ எங்கே நின்றாலும் என் துஆ உன்கூட நிற்கும். தலைக்கு எண்ணெய் வை. பதில் நீளமாக வேண்டாம், அந்தப் புரொபசரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுது. வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் சிரித்துக்கொள்வேன். திட்ட ஒன்றும் இல்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுது.

உன் உம்மா,
ஷமீமா